நடுக்குவாதமும் மெய்ப்பாடும்

நோயொன்றுக்குப் பெயரிடுவோர் கண்ணிற்பட்ட குறியொன்றைக் கொண்டு பெயரிடுதல் வழக்கு. அப்பெயர் நிலைத்தபின், அதனுள் அடங்காத பிற குறிகள் நோயின்பாற் படாது நோயாளியின் குணமாகவே எண்ணப்பட்டுவிடும். நடுக்குவாதம் என நம்மவர் வழங்கும் பாக்கின்சன் நோய்க்கு நேர்ந்தது இதுவே. இதனை யான் மருத்துவ நூல் கற்று அறிந்தேனல்லேன். என்னுடன் ஒரே கல்லூரியிற் கற்பித்த மூத்த பண்டிதர் ஒருவரைப் பிழைபட மதித்து, பின்னரே அறிந்தேன்.

அவர் கரும்பலகையில் எழுதும் எழுத்து அச்செழுத்தை ஒக்கும். ஓய்வு பெறுதற்கு இரண்டாண்டின் முன்னர் அவ்வெழுத்து வரிதோறும் சிறுத்துக்கொண்டு போயிற்று. பின்வாங்கு மாணாக்கர் முணுமுணுத்தனர். முகத்திலும் முன்னைய மலர்ச்சி இல்லை. புதிதாய் யாத்த செய்யுளொன்றை யான் படித்துக் காட்டியபோது இமையும் அசையாதிருந்தார். அழுக்காறென்று எண்ணினேன். சங்கக் கூட்டத்திற்கு அழைத்தால், "பார்ப்போம், தம்பி" என்பார், வாரார். செருக்கென்றனர் சிலர், சோம்பலென்றனர் சிலர். கை நடுங்கவில்லையாதலின் நோயென ஒருவருக்கும் தோன்றிற்றில்லை.

மெய்ப்பாட்டியல் கற்பிப்போர் சற்றே நின்று சிந்திக்கவேண்டிய இடம் இது. உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு என்று ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு உரைக்கின்றோம். உள்ளே உவகை நிறைந்திருந்தும் முகத்தசை அதனை எடுத்துரைக்க மறுக்கும் நிலையொன்று உண்டென்பதை உரைப்பதில்லை. இந்நோயில் முகம் முகமூடிபோல் இறுகுதலை மருத்துவர் நன்கறிவர். அஃதன்றி, உள்ளமே ஊக்கமிழந்து எதனையும் தொடங்க மாட்டாது போதலும், மனச்சோர்வும் இந்நோய்க்கு உண்டு. சிலர்க்கு இவை நடுக்கத்திற்கு முன்னரே தோன்றும். முகத்தின் இறுக்கம் வேறு, உள்ளத்தின் தளர்வு வேறு. அயலிலிருந்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

பெயரின் வரலாறும் நோக்கத்தக்கது. இலண்டன் மருத்துவர் யேம்ஸ் பாக்கின்சன் 1817 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுநூலில் அறுவரைப் பற்றியே கூறினார். அவருட் சிலர் தெருவிற் கண்டவர். புலனும் அறிவும் இந்நோயாற் பழுதுறா என்பது அவர் முடிபு. பாரிசு நகரத்துச் சார்க்கோ என்னும் பேராசிரியர் அந்நூற்றாண்டிலேயே, நோயாளர் எல்லாரும் நடுங்குவாரல்லர் என்றும், மனமும் தளரக்கூடும் என்றும் கண்டு, நடுக்கத்தைக் குறிக்கும் பெயரை விடுத்துப் பாக்கின்சன் பெயரையே நோய்க்கு இட்டார். நாமோ இன்றும் நடுக்கத்தையே பற்றிக்கொண்டிருக்கின்றோம்.

நடுமூளையிலுள்ள கருநிறத் திட்டொன்றில் டோபமின் என்னும் பொருளை ஆக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல மடிதலே இந்நோயின் நடு. 1957 இல் சுவீடன் தேயத்து ஆவிட் காள்சனும் துணைவரும், சர்ப்பகந்தி வேரிலிருந்து பெறப்படும் இரெசேப்பீன் என்னும் மருந்தை முயல்களுக்கு ஏற்றி அவற்றை அசைவறச் செய்தனர். பின் டோபா என்னும் பொருளை ஏற்ற, அவை எழுந்து நடமாடின. 1960 இல் வியன்னாவில் ஓணிக்கியேவிச்சும் ஏறிங்கரும், இந்நோயால் இறந்தோர் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருத்தலைக் கண்டனர். அந்த டோபாவே இன்று லெவோடோபா எனும் பெயரால் நோயாளர்க்குத் தரப்படுவது. நம் வேலியோரத்துப் பூனைக்காலியின் வித்தில் அது உண்டென்பது 1937 இலேயே சென்னையில் ஆராய்ந்து காட்டப்பட்டது. (இதைப் படித்துவிட்டு எவரும் பூனைக்காலியை அரைக்கத் தொடங்கிவிட வேண்டா, மருந்தின் அளவு விளையாட்டன்று.)

டோபமின் தசையை இயக்குவது மாத்திரமன்று. எது நன்மை தரும், எதன்பின் செல்லலாம் என மனத்துக்குக் கற்பிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. ஆசிரியராகிய நமக்கு 2004 இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று பெரிதும் பயன்தரும். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிராங்கும் துணைவரும் நோயாளர்முன் யப்பானிய எழுத்துக்களை இரண்டிரண்டாய் வைத்து ஒன்றைத் தெரியச் சொன்னார்கள். சரியென்றும் பிழையென்றும் விடை வர, அதிலிருந்து அவர்கள் கற்கவேண்டும். மருந்துண்ணாத வேளையிற் பிழையென்று சொல்லப்பட்டதை விலக்கவே நன்கு கற்றனர். மருந்துண்ட வேளையிலோ சரியென்று சொல்லப்பட்டதை நாடவே நன்கு கற்றனர். பிழையினின்று கற்றல் குறைந்தது. மனிதர் ஒருவரே, பிரம்புக்குச் செவிசாய்ப்பதும் பாராட்டுக்குச் செவிசாய்ப்பதும் மாத்திரையின்பாற்பட்டு மாறின.

எம் பண்டிதரின் பிற்கதை இதனோடு இயைந்தது. கை நடுங்கத் தொடங்கியபின் மருத்துவரிடம் சென்றார். நடையும் பேச்சும் திருந்தின. சில திங்களில் அதிட்ட இலாபச் சீட்டு வாங்கத் தொடங்கினார். ஒன்றிரண்டல்ல, ஓய்வூதியம் முழுதும் சீட்டாயிற்று, மனைவியாரின் காப்பு ஈடுபோயிற்று. வாழ்நாள் முழுதும் ஒரு சதத்தையும் கணக்கின்றிச் செலவிடாதவர்! சீட்டு பொய்க்கப் பொய்க்க மேலும் வாங்கினார். முதுமையில் ஆசை முற்றிற்றென்று கோயில் வீதியிற் பேசிக்கொண்டோம். பேசியவருள் யானும் ஒருவன்.

வன்னிக் கமக்காரர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். மேட்டுவயல் காய்கின்றதென மடையை அகலத் திறந்தால், முன்னரே ஈரமாயிருக்கும் பள்ளவயல் மூழ்கும். இந்நோயில் அசைவை ஆளும் மூளைப்பகுதி முதலில் வறள்கின்றது. ஊக்கத்தையும் பேற்றையும் ஆளும் பகுதியில் டோபமின் பலகாலம் ஓரளவு எஞ்சியிருக்கும். முன்னதற்கு அளந்த மருந்து பின்னதற்கு மிகையாதல் கூடும். 2010 இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வொன்றில் 3090 நோயாளரை வினவினர். சூதாடல், கண்டதை வாங்கல், மிகையுண்டி, காமவேட்கை மிகுதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் 13.6 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. டோபமினின் தொழிலைத் தாமே செய்யும் மருந்துவகையை உண்போரிடம் 17.1, உண்ணாதோரிடம் 6.9. எல்லா மாற்றத்தையும் டோபமின்மேற் சுமத்தலும் தவறே. பிற்காலத்து வரும் நினைவுத் தளர்ச்சியில் வேறு பொருள்களுக்கும் பங்குண்டு.

மருத்துவர்க்கு ஒன்று கூறுவேன். மருந்தை எழுதிக்கொடுக்கும் நாளிலேயே, இத்தகைய மாற்றம் வரக்கூடுமென இல்லத்தார்க்கும் சொல்லிவிடுக. எம் பண்டிதர் மனைவியார்க்கு எவரும் சொன்னாரல்லர். அவர் ஓராண்டு மானத்துக்கஞ்சி மறைத்தார். வினவியிருந்தால் முதல் மாதமே சொல்லியிருப்பார். இல்லத்தாரும் அஞ்சி மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது. சட்டென நிறுத்துதல் பெருந்தீங்கு விளைக்கும்.

ஈற்றில் மகளொருத்தி மருத்துவரிடம் உண்மையை உரைக்க, அவர் மருந்தை மாற்றினார். சில திங்களிற் சீட்டு நின்றது. ஈட்டிலிருந்த காப்பு மீளவில்லை. கோயில் வீதிக்கு அவரும் மீளவில்லை. யான் அவர் இல்லம் சென்று, முன்னர்ப் படித்த அதே செய்யுளை மீண்டும் படித்தேன். முகம் அன்றுபோலவே அசையாதிருந்தது. நெடுநேரம் கழிந்து, "தம்பி, மூன்றாமடியில் தளை தட்டுகிறது. அன்றைக்கே சொல்ல நினைத்தேன்" என்றார். பார்த்தேன், தட்டத்தான் செய்தது.