தொட்டித் தண்ணீருக்கும் நாடி பார்க்க வேணும்!

வீட்டில் மீன் வளர்ப்பது பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன! எல்லாவற்றுக்கும் மெதுவாகப் பதில் எழுதலாம். ஒன்றுக்கு மட்டும் உடனே எழுதியாக வேண்டும். சென்னையிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்:

"மகள் ஆசைப்பட்டாள் என்று அவள் பிறந்த நாளுக்கு ஆறு டிஸ்கஸ் மீன் வாங்கினோம். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். சோதித்ததில் பி.எச். 8 காட்டியது. கடையில், '6.5 இருக்கணும்மா' என்று ஒரு பொடி கொடுத்தார்கள். ராத்திரி போட்டால் 6.5-க்கு இறங்குகிறது, காலையில் மறுபடி 8! தினமும் போடுகிறேன். இப்போது மீன்கள் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. இரை எடுப்பதில்லை. குழந்தை அழுகிறாள். பொடியைக் கொஞ்சம் கூட்டிப் போடலாமா?"

வேண்டாம் அம்மா, வேண்டவே வேண்டாம்! அந்த டப்பாவை மூடி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உங்கள் மீனைப் படுத்துவது 8 என்ற எண் அல்ல. தினமும் ஏறி இறங்குகிற அந்த ஊஞ்சல் ஆட்டம்தான்.

பி.எச். என்றதும் மிரள வேண்டாம். தண்ணீர் புளிப்புப் பக்கமா, சுண்ணாம்புப் பக்கமா என்று சொல்லும் அளவு, அவ்வளவுதான். 1909-ல் டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்த சோரன்சென் என்ற விஞ்ஞானி ஏற்படுத்தியது. 7 என்றால் நடுநிலை. கீழே போகப் போகப் புளிப்பு. மேலே போகப் போகக் காரம், அதாவது சோடா உப்பு, சுண்ணாம்பு வகை. எலுமிச்சைச் சாறு சுமார் 2. சோடா உப்புக் கரைசல் 8-க்குச் சற்று மேல். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு எண் நகர்ந்தால் பத்து மடங்கு வித்தியாசம்! 8-லிருந்து 6.5 என்றால் ஏறக்குறைய முப்பது மடங்கு. ஒரே ராத்திரியில் இத்தனை மாறினால் அந்தச் சின்ன உயிரின் செவுளும் தோலும் என்னத்துக்கு ஆகும்?

சரி, போட்ட பொடி எங்கே போகிறது? சோடா உப்பில் எலுமிச்சை பிழிந்தால் நுரைத்துப் பொங்குகிறதே, அதே சமாசாரம்தான் தொட்டியிலும் நடக்கிறது. கடினமான போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின்மேல் புளிப்புப் பட்டதும் கரியமில வாயு உண்டாகிறது. அது தண்ணீரில் இருக்கும்வரை பி.எச். இறங்கியிருக்கும். ராத்திரி முழுக்கக் காற்றுக் குமிழி ஓடி வாயு வெளியேறியதும் பழையபடி ஏறிவிடும். எலுமிச்சை, வினிகர் எதைப் போட்டாலும் இதே கதைதான்.

கடைக்காரர் 6.5 என்று சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. டிஸ்கஸின் பிறந்த வீடு தென் அமெரிக்காவின் அமேசான் பிரதேசம். அங்கே ரியோ நீக்ரோ என்று ஒரு நதி. காட்டு இலைகள் ஊறி, தண்ணீர் தேயிலை டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். மழைநீர் போல மென்மை, நல்ல புளிப்பு. ஆனால் இன்று நம் வீட்டுக்கு வருகிற டிஸ்கஸ் பெரும்பாலும் பண்ணையில் பல தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தது. அலங்கார மீனுக்குப் பேர்போன நம் கொளத்தூரில் வாங்கினாலும் சரி, வேறு எங்கே வாங்கினாலும் சரி, "உங்கள் தொட்டியில் பி.எச். என்ன?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏழரையைத் தாண்டிய தண்ணீரிலும், ஒரே சீராக இருந்தால், இவை நன்றாகவே வளர்கின்றன.

இன்னொரு அபாயமும் உண்டு. மீனின் கழிவிலும் மீந்த இரையிலும் அம்மோனியா உண்டாகிறது. பி.எச். 7 இருக்கும்போது அதில் விஷமாக நிற்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8 ஆனால் நூற்றில் ஆறேழு பங்கு! அழுக்குத் தொட்டியில் பி.எச். மட்டும் ஏறினால் மீன் திணறுவது இதனால்தான். ஆகவே, சகோதரி, இன்றே அம்மோனியாவையும் சோதியுங்கள். இரண்டு நாள் இரையைக் குறைத்து, தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாகச் சில குறிப்புகள்:

1. குழாயில் பிடித்த உடனே சோதிக்காதீர்கள். போர் தண்ணீரில் வாயு கலந்திருக்கும்; பி.எச். குறைவாகக் காட்டும். டிரம்மில் பிடித்து, காற்றுக் குமிழி விட்டு, மறுநாள் பாருங்கள். அதுதான் உண்மை எண். கார்ப்பரேஷன் தண்ணீரானால் குளோரின் நீக்கும் மருந்தும் சேர்க்க வேண்டும்.

2. தினமும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். செடி வைத்த தொட்டியில் காலையில் குறைவாகவும் சாயங்காலம் கூடுதலாகவும் காட்டும். அது இயற்கை, பயப்பட வேண்டாம். நான் காலை காபிக்கு முன் பார்த்து, பால் கணக்கு நோட்டின் ஓரத்திலேயே குறித்துவிடுவேன்.

3. கோடையில் லாரித் தண்ணீர், மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் என்று மாறினால், ஒவ்வொரு தடவையும் சோதித்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். சூடும் ஒத்துப்போக வேண்டும். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் தேவை.

4. கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, பளிங்குக் கல் எதுவும் வேண்டாம். சிப்பியைச் சுட்டுத்தானே சுண்ணாம்பு செய்கிறோம்? சந்தேகமான கல்லில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல்.

5. பி.எச். கண்டிப்பாகக் குறைய வேண்டுமானால், தொட்டிக்கு வெளியே டிரம்மில் ஆர்.ஓ. தண்ணீரையும் போர் தண்ணீரையும் கலந்து, சோதித்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். நாளுக்கு 0.2-க்கு மேல் நகர வேண்டாம். ஒரு முறை பாதிக்குப் பாதி என்றால் எப்போதும் அதே கணக்கு.

"அப்போ முழுக்க ஆர்.ஓ. விட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். கூடாது! கெட்டிப் பருப்பில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் தெரியாது. வெறும் தண்ணீரில் பிழிந்தால் புளிக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் தாங்கிப் பிடிக்கும் உப்பு இல்லை. கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல கிருமிகள் தினமும் சிறிது புளிப்பை உண்டாக்கும், ஒருநாள் பி.எச். மடமடவென்று சரிந்துவிடும். 6-க்குக் கீழே போனால் அந்தக் கிருமிகளின் வேலையும் மந்தமாகிவிடும்.

காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலையைக் கழுவி ஒன்றிரண்டு போடலாம். தண்ணீர் தேநீர் நிறமாகும். டிஸ்கஸுக்குப் பிறந்த வீட்டு வாசனை! மென்மையான தண்ணீரில் பி.எச். லேசாக இறங்கும், கடின நீரில் பெரிதாக மாறாது.

கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பி.எச். குறைக்க விற்கும் திரவங்கள் பலவும் கடும் அமிலம். அவற்றை சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். தொட்டியில் கைவிட்ட குழந்தைக்கு சோப்புப் போட்டுக் கை கழுவி விடுங்கள்.

இத்தனை பாடு எதற்கு என்று மாமியார் முணுமுணுத்தால், டிஸ்கஸ் குடித்தனம் நடத்துகிற விதத்தைச் சொல்லுங்கள். மென்மையான தண்ணீர் அமைந்தால்தான் முட்டைகள் நன்றாகப் பொரியும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஒட்டிக்கொண்டு, தோலில் ஊறும் கொழகொழப்பைத் தின்றே வளர்கின்றன. தாய்ப்பால் மாதிரி! அதில் புரதமும் நோய் எதிர்ப்புச் சத்தும் இருப்பதாக 2010-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. மூன்று வாரம் போலானால் தாங்களே மெல்ல விலகிப் பால் மறக்கவும் வைக்கின்றன. இதில் விசேஷம், அம்மா ஊட்டி அலுத்தால் அப்பா வந்து ஊட்டுவார்! நம் வீட்டு ஐயாக்கள் இதை ஒருமுறை படித்தால் தேவலை.

அந்தத் தோலைக் காப்பதற்குத்தான் சீரான தண்ணீர். ஆகவே, பொடியை மறந்துவிட்டு நாடியைப் பாருங்கள். உங்கள் மகளின் மீன்கள் நிறம் திரும்பியதா என்று எனக்கு எழுதுங்கள், சகோதரி. அடுத்த இதழில், ஊருக்குப் போகும்போது மீன்களை என்ன செய்வது என்று பார்ப்போம்.