நேரலைத் தரிசனமும் புதிய மோடமும்

வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன் திருவரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும். கூட்டத்தில் நிற்க இயலாத முதியோர் பலர், இரத்தினாங்கி சாற்றிய நம்பெருமாளை இல்லத்திலிருந்தே இணையவழி நேரலையில் சேவிக்கின்றனர். அத்தகைய முதிய தம்பதியர் இல்லத்தில், திருநாளுக்கு முந்தைய மாலை, பழுதான மோடம் அகற்றப்பட்டுப் புதியது பொருத்தப்பட்டது. பொருத்தியவர் சென்ற பிறகு தொலைக்காட்சியைப் போட்டால், 'இணைப்பு இல்லை' என்ற வாசகமே தோன்றியது. முழங்கால் நோயால் ஈராண்டாகக் கோயிலுக்குச் செல்லாத அம்மையார் கலங்கிப் போனார்.

வெளியூரிலுள்ள பேரன் தொலைபேசியில் கூறினான்: "தாத்தா, கோபுரம், கொடிமரம், அப்புறம்தானே சந்நிதி? இதையும் அப்படியே வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பாருங்கள்."

முதலாவது, வெளியிலிருந்து வரும் கண்ணாடியிழைக் கம்பி. அது கூர்மையாக மடங்கியிருத்தல் கூடாது. அதனைக் கழற்றி முனையை உற்று நோக்குவதும் கூடாது, கண்ணுக்குத் தீங்கு. மோடத்தில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிச்சமிக்ஞை வரவில்லை என்று பொருள். 'பி.ஓ.என்.' விளக்கு சிமிட்டாமல் பச்சையாக எரிந்தால் கம்பியில் குறையில்லை.

இரண்டாவது, இணையம் மோடம் வரை வருகிறதா என்பது. கம்பி சரியாக இருந்தும் 'இன்டர்நெட்' விளக்கு எரியாவிடில், நிறுவனம் அளித்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் புதிய மோடத்தில் பதியப்படாமல் இருக்கலாம். இவ்விரு குறைகளுக்கும் நிறுவனத்தாரையே அழைக்க வேண்டும்.

மூன்றாவது, வைஃபை. பெரியவர் இல்லத்தில் முதலிரண்டும் செம்மையாகவே இருந்தன. கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு இணைத்துப் பார்த்தார், இணையம் வந்தது. ஆகவே மோடத்தில் குறையில்லை. தொலைக்காட்சிதான் பழைய வைஃபை பெயரையே தேடிக்கொண்டிருந்தது. அமைப்புகள் பகுதிக்குச் சென்று புதிய பெயரைத் தேர்ந்தெடுத்தார். ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக இட்டதால் ஒருமுறை தவறியது. பூதக்கண்ணாடியால் பார்த்து மீண்டும் இட, இணைப்பு கிட்டியது. தொலைக்காட்சி மோடத்திற்குத் தொலைவில், சுவருக்கு அப்பால் இருந்ததால், 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையே ஏற்றதாயிற்று.

பேரன் எச்சரிக்கை ஒன்றும் கூறினான்: "மோடத்தைச் சரிசெய்கிறோம் என்று எவரேனும் தாமாக அழைத்து ஓ.டி.பி. கேட்டால் சொல்லிவிடாதீர்கள், தாத்தா. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்."

அன்றிரவே வைஃபை பெயர், கடவுச்சொல், நிறுவனத்தின் தொலைபேசி எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிப் பூஜை அலமாரியின் உட்கதவில் ஒட்டினார் பெரியவர். விடியுமுன் வாசல் திறந்து நம்பெருமாள் எழுந்தருளியபோது, அம்மையார் நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளைத் தலைமேல் கூப்பினார்.