கையளவுக் கேமராவும் கழுத்துக் கேமராவும்

புதிதாகக் கேமரா வாங்க விரும்பும் ஒருவர், சட்டைப்பையில் அடங்கிவிடும் காம்பாக்ட் கேமராவை வாங்குவதா, அல்லது லென்ஸைக் கழற்றி மாட்டத்தக்கதும் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிய வேண்டியதுமான டிஎஸ்எல்ஆர் வகையில் ஆரம்ப நிலைக்குரிய ஒன்றை வாங்குவதா என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்க்கும்போது வெறும் கடைவீதி விஷயமாகத் தோன்றினாலும், சற்று நிதானித்து ஆராயுங்கால், அவர் எதைப் பார்க்க விரும்புகிறார், யாருக்காக அதைப் பதிந்து வைக்க விரும்புகிறார் என்னும் கேள்விகளையே நம் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. புதுச்சேரியின் வடக்கு எல்லையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கடலைப் பார்த்துக் கிடக்கும் எங்கள் கனகசெட்டிக்குளத்தில், முதற் சம்பளம் வாங்கிய இளைஞர்களும், அருகிலுள்ள காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திற்குப் படிக்கச் செல்லும் பெண்களும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் அனைவரின் கையிலும் படமெடுக்கும் கைப்பேசி இருக்கிறது. ஆயினும் அதற்கு மேற்பட்ட ஒரு சாதனம் வேண்டுமென்ற ஆவல் அவர்களுக்கு எழுவதை நான் மிகவும் நல்ல அறிகுறியாகவே கருதுகிறேன். அவர்களுக்குத் தனித்தனியே சொல்லிவந்ததை இவ்வாரம் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சிறிய கேமராவின் மகிமையை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்துவிட்டு, பிரெஞ்சு நிழற்படக் கலைஞரான ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன், அக்காலத்தில் இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆசிரமம் அமைத்து வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர் நெடுங்காலமாகத் தம்மைப் படமெடுக்க எவரையும் அனுமதித்ததில்லை. அடியார்கள் அவரைக் காணும் ஏப்ரல் தரிசன நாளையொட்டி அவ்வாண்டு கார்த்தியே பிரெஸ்ஸோனுக்கு அந்த அனுமதி கிடைத்தது. டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். ஆகவே ஏப்ரலில் தம் அறையில் நாற்காலியில் அமர்ந்திருந்த முதியவரின் அந்தப் படங்களே அவர் உயிரோடிருந்தபோது எடுத்த கடைசிப் படங்களாக நிலைத்துவிட்டன. அந்த அறைக்குள் கார்த்தியே பிரெஸ்ஸோன் கொண்டுபோன சாதனமோ, அவர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் பயன்படுத்திய லைக்கா என்னும் கையடக்கக் கேமரா. ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் பிறர் முகத்தில் அடிப்பதை மரியாதைக் குறைவென்று எண்ணியவர் அவர். கேமராவின் பளபளப்புக்கூடப் பிறர் கவனத்தைக் கவரலாகாதென்று கறுப்பு நாடாவை ஒட்டி மறைத்தவர். தவத்தில் இருப்பவரின் அறையிலும், தெருவில் போகிறவரின் பக்கத்திலும் ஒருங்கே புகுந்து, யாருடைய அமைதியையும் குலைக்காமல் திரும்பிவரும் சௌகரியம் சிறிய கருவிக்கே உரியது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று நமக்கு வேண்டியதில்லை.

இந்தச் சம்பவத்தை மட்டும் கேட்டுவிட்டு, அப்படியானால் காம்பாக்ட் கேமராவே சிறந்ததென்று ஒருவர் உடனே கடைக்கு ஓடுவாராயின், அவர் பாதி விஷயத்தைத்தான் தெரிந்துகொண்டவராவார். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையில் ஒஸ்கார் பார்னாக் என்பவர் உருவாக்கி, 1925ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் வெளிவந்த அந்த லைக்கா, உடலளவில் சிறியதே ஆயினும், சினிமாவுக்கென வந்த 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள படத்தைப் பதிந்தது. இன்றைய ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் ஃபிலிமுக்குப் பதிலாக அமைந்திருக்கும் சென்சாரின் அளவோ ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீட்டர்தான், விலை மலிந்த காம்பாக்ட் கேமராக்களில் அது இன்னும் சுருங்கி, 6க்கு 4.5 மில்லிமீட்டர் அளவில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாய் நிற்கிறது. ஆகவே கார்த்தியே பிரெஸ்ஸோன் கையிலிருந்தது சிறிய உடலும் பெரிய பரப்பும் கூடிய கருவி. அடக்கத்திற்காக அவர் ஒளியைப் பறிகொடுக்கவில்லை. இன்று நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும்போது, அடக்கத்தையும் ஒளியையும் ஒருசேரப் பெற முடியாமல், இரண்டில் ஒன்றை ஓரளவு விட்டுக்கொடுக்கும் நிர்ப்பந்தத்துக்கு ஆளாகிறது. எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதே கேள்வியின் சாரம்.

கடைக்காரரும் விளம்பரமும் ஓயாமல் சொல்லும் மெகாபிக்ஸல் கணக்கை இங்கே மறந்துவிடலாம். படத்தின் தரத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது, லென்ஸின் துவாரம் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது, சென்சாரின் பரப்பு அதில் எவ்வளவை ஏந்திக்கொள்கிறது என்னும் இரண்டும்தான். மலிவான காம்பாக்டின் சென்சாரைவிட டிஎஸ்எல்ஆரின் சென்சார் பரப்பில் சுமார் 13 மடங்கு பெரியது. ஆதலால், அந்தி மயங்கிய பிறகு விளக்கொளியில் எடுக்கும்போது, முன்னதில் ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்வு அளவு 400ஐத் தாண்டியதுமே தோன்றத் தொடங்கும் புள்ளிப்புள்ளியான அழுக்கு, பின்னதில் ஐஎஸ்ஓ 3200ஐயும் கடந்த பிறகே அதே அளவு தோன்றுகிறது. இந்த வித்தியாசம் அற்பமானதன்று. வைத்திக்குப்பத்தில் மாசி மகத் தீர்த்தவாரி முடிந்து இருட்டில் சுவாமி திரும்பும் வேளையிலும், வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலில் ஆடித் திருவிழா இரவுகளில் அலங்கார விளக்குகள் மட்டுமே எரியும் வேளையிலும் படமெடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் நன்றாக விளங்கும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்களில் பலர் அறியாததும் அதுவே. அக்கேமராவோடு பெட்டியில் சேர்ந்தே வரும் 18-55 லென்ஸின் துவாரம், அகன்ற கோணத்தில் எஃப் 3.5க்கும், நெருக்கிப் பார்க்கும்போது எஃப் 5.6க்கும் மேல் விரியாது (இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்). 2012ஆம் ஆண்டு சோனி நிறுவனம் வெளியிட்ட ஆர்எக்ஸ் 100 என்னும் சிறிய கேமராவோ, 13.2க்கு 8.8 மில்லிமீட்டர் அளவுள்ள, வழக்கில் ஓர் அங்குலம் என்று அழைக்கப்படும் சென்சாரையும், அகன்ற கோணத்தில் எஃப் 1.8 வரை விரியும் லென்ஸையும் கொண்டு வந்தது. பரப்பையும் துவாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தால், அகன்ற கோணத்தில் இந்தச் சிறு கேமரா ஏந்தும் ஒளி, கூட வந்த லென்ஸை மட்டும் மாட்டிய டிஎஸ்எல்ஆர் ஏந்தும் ஒளிக்குக் கொஞ்சமும் குறைந்ததன்று. நெருக்கிப் பார்க்கும் கோணத்தில்தான் டிஎஸ்எல்ஆர் முந்துகிறது. எனவே, பெட்டியோடு வந்த லென்ஸைக் கடைசிவரை கழற்றவே போவதில்லை என்ற ஸ்வபாவம் உடையவர், பெரிய கேமராவின் பாரத்தைச் சுமந்தும் அதன் பலனில் பெரும்பகுதியைப் பெறாதவராகிறார். அதே கேமராவில், மற்ற லென்ஸ்களோடு ஒப்பிட்டால் விலை மலிவான 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸை மாட்டிவிட்டாலோ, எஃப் 5.6ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி உள்ளே புகுகிறது; முகங்கள் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கின்றன. நிக்கான் டி3000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாதாகையால், மோட்டார் உள்ளடங்கிய லென்ஸாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை மாத்திரம் ஜாக்கிரதையாக நினைவில் வைக்கவேண்டும்.

தூரத்துப் பொருளைப் பிடிக்க விரும்புவோர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களுக்கு வடக்கே மரக்காணம் பக்கத்துக் கழுவெளிக்கு வரும் பூநாரைகளையும், புதுச்சேரி அரசு 2008ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஊசுட்டேரியின் நீர்ப்பறவைகளையும் எடுக்க ஆசைப்படுகிறவர்கள், டிஎஸ்எல்ஆரையும் 70-300 லென்ஸையும் தேடிப் போவதே உசிதம். ஐம்பது மடங்கு ஜூம் என்று பறைசாற்றும் சிறு சென்சார்க் கேமராக்கள் பட்டப்பகலில் ஓரளவு உதவுமாயினும், பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடும் விடியற்காலை மங்கலில் கைவிட்டுவிடுகின்றன. பறந்து செல்லும் கொக்கைத் தொடர்ந்து பிடிக்கும் ஃபோகஸ் வேகமும் அவற்றுக்குக் குறைவு. இன்னொரு விஷயம்: பல காம்பாக்ட் கேமராக்களில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லாமையால், காலை வெயில் மணலில் ஏறிவிட்டால் பின்புறத் திரையில் எதுவும் தெரிவதில்லை. கடற்கரையில் வசிப்பவருக்கு இது பெரும் சிரமம்.

கிழக்கு நோக்கிய எங்கள் கரைக்குரிய இயல்புகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். சூரியன் கடலிலிருந்து எழும் வேளையில்தான் படகுகள் கரைக்கு வருகின்றன. ஆகவே கரையில் நின்று கடலைப் பார்த்து எடுப்பவருக்கு முகங்கள் எல்லாம் கறுத்து, வானம் மட்டும் வெளுத்துப்போகும். இப்படிப்பட்ட ஒளியில், பெரிய சென்சாரில், அது ஏந்தியதைச் சுருக்காமல் அப்படியே காக்கும் 'ரா' வடிவில் பதிந்துகொண்டால், நிழலுக்குள் மறைந்திருக்கும் முகத்தைப் பின்னால் மீட்டெடுக்க இடம் இருக்கிறது. அல்லது, நனைந்தாலும் பரவாயில்லை என்று அலையோரம் வரை சென்று, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுக்க வேண்டும். அதற்குச் சிறிய கேமராவே ஏற்றது. உப்புக்காற்றும் பொடிமணலும் இரு வகைக் கேமராக்களுக்கும் பொதுவான பகை. மணலில் நின்று டிஎஸ்எல்ஆரின் லென்ஸை மாற்றினால் தூசி உள்ளே புகுந்து சென்சாரில் ஒட்டும். காம்பாக்டின் நீண்டு சுருங்கும் லென்ஸ் குழாய்க்குள் மணல் புகுந்தாலோ, அது நீட்டிய நிலையிலேயே அசையாமல் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மாத ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வதும் சகஜம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருப்பதும், வாரம் ஒருமுறையேனும் எடுத்துப் பயன்படுத்துவதும் இதற்கு உகந்த பரிகாரம்.

கல்யாணங்களுக்கும் விசேஷங்களுக்கும் படமெடுத்து ஜீவனம் நடத்த எண்ணுபவருக்கு, கேள்விக்கே இடமில்லை; அவர் லென்ஸ் மாற்றத்தக்க கருவியில்தான் பயில வேண்டும். கானன், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் இப்போது கண்ணாடியில்லாத மிர்ரர்லெஸ் கேமராக்களிலேயே தங்கள் சிரத்தையைச் செலுத்துவதால், நல்ல நிலையிலுள்ள டிஎஸ்எல்ஆர்கள் பழைய சாமான் விலைக்குக் கைமாறுகின்றன. நிக்கான் 1959 முதலும் கானன் 1987 முதலும் வெளியிட்ட லென்ஸ்களில் எத்தனையோ இன்றும் அவற்றில் பொருந்துகின்றன. ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்று விசாரித்து, லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பரீட்சித்து வாங்குபவர் ஏமாறமாட்டார். துவாரம், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகிய மூன்றின் சம்பந்தத்தையும் கையால் திருகிப் பழகி அறிவதற்கு, அப்படிப்பட்ட பழைய கேமராவே நல்ல ஆசிரியர்.

ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பறவைகளையோ கல்யாணங்களையோ தேடிப் போகிறவர்கள் அல்லர். தங்கள் வீட்டையும் தெருவையும் கரையையும் எடுக்க விரும்புகிறவர்கள். அந்த விருப்பத்தின் மதிப்பை அவர்களே முழுமையாக உணர்ந்திருக்கிறார்களா என்பது எனக்கு ஐயமாக இருப்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தென்னாட்டுக் கோயில்களையும் அவற்றின் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் ஊர் ஊராகச் சென்று பதிந்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்ந்திருக்கின்றன. அவற்றை எடுத்தவர்கள் கீர்த்தியை நாடி எடுக்கவில்லை. இன்ன ஊர், இன்ன கோயில், இன்ன ஆண்டு என்று குறிப்பெழுதி அடுக்கி வைத்தார்கள். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருப்பது தெரியவந்தபோது, அத்திருமேனி நம்முடையதே என்று நிரூபிக்க உதவியவை, அந்நிறுவனத்தார் 1994ஆம் ஆண்டு எடுத்து வைத்திருந்த படங்கள். 2014இல் அது இந்தியாவுக்குத் திரும்பியது. சாதாரணமாகத் தோன்றிய ஒரு படம், தேதியும் ஊரும் எழுதப்பட்டிருந்த காரணத்தால், கடல் கடந்து போன சுவாமியை மீட்டுக் கொடுத்தது.

கோயில்களுக்கு இவ்வளவு சாசனம் இருக்க, கடற்கரைக் குப்பங்களுக்கு அவ்வாறு முறையாக எடுத்துத் தொகுத்த படங்கள் வெகு சொற்பம். இருந்த கொஞ்சத்தையும் 2004 டிசம்பர் 26ஆம் தேதி இக்கரையோரத்தில் புகுந்த ஆழிப்பேரலை பல வீடுகளில் வாரிக்கொண்டு போய்விட்டது; தாத்தாவின் முகம் எப்படி இருந்தது என்று பேரனுக்குக் காட்ட ஒரு படமும் மிஞ்சாத குடும்பங்கள் உண்டு. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்த காலத்தையும், கையால் வலை பின்னியவர்களின் விரல்களையும், கரையில் நடக்கும் மீன் ஏலத்தையும், கூடையைச் சுமந்து பஸ் ஏறும் பெண்களையும் வெளியூரிலிருந்து வருபவர் ஒருநாள் வந்து அழகாக எடுத்துப் போகலாம்; வருஷம் முழுவதும் கூடவே இருந்து, பெயர் தெரிந்து, உறவுமுறை சொல்லி அழைத்து எடுக்கக்கூடியவர்கள் அவ்வூர்ப் பிள்ளைகள் மட்டுமே. அந்தக் காரியத்துக்கு, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்கும் பெரிய கேமராவைவிட, தினமும் பையோடு வரும் சிறிய கேமராவே அதிகப் பிரயோஜனம் உள்ளதென்பது என் திடமான அபிப்பிராயம். வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரின் முன்னே பெரிய லென்ஸை நீட்டினால் அவர் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருவார். சின்னக் கேமராவோடு பக்கத்தில் குந்தியிருக்கும் பிள்ளையிடம் பேசிக்கொண்டே தம் வேலையைத் தொடர்வார்.

ஆகவே என் தீர்ப்பு இது. தம் மக்களின் அன்றாட வாழ்வைப் பதிய விரும்புகிறவர், ஓர் அங்குலச் சென்சாரும் அகலத் திறக்கும் லென்ஸும் உள்ள காம்பாக்டை வாங்கட்டும். அதன் விலை எட்டாவிட்டால், கைமாறிய டிஎஸ்எல்ஆர் ஒன்றையும் 35 அல்லது 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸையும் வாங்கட்டும். பறவைகளையும் தொழிலையும் நாடுகிறவர் டிஎஸ்எல்ஆரையே வாங்கட்டும். நகத்தளவுச் சென்சார் உள்ள மலிவான காம்பாக்டை மட்டும் யாரும் வாங்க வேண்டாம்; உங்கள் கைப்பேசியே அந்த வேலையைச் செய்துவிடும். எதை வாங்கினாலும், எடுத்த ஒவ்வொரு படத்தோடும் ஆளின் பெயரையும் இடத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதியைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.