காலி நாற்காலிக்கு 2,500 டாலர்

நியூயார்க் யாங்கீஸோட புது பேஸ்பால் ஸ்டேடியம் 2009-ல திறந்தது. செலவு சுமார் 150 கோடி டாலர். பழசை விடக் கட்டடம் பெரிசு, சீட்டு மட்டும் சில ஆயிரம் கம்மி! முன்வரிசைக்கு ஒரு மேட்சுக்கு 2,500 டாலர் வரை வெச்சாங்க. தரை டிக்கெட்ல படம் பார்த்து வளர்ந்த எனக்குத் தலை சுத்துது.

விளைவு? டிவியில பார்த்தா முன்னாடி எல்லாம் காலி. அந்த மாசமே சில சீட்டு விலையைப் பாதியாக்கினாங்க. மைதானத்துக்குள்ள கட்டின உணவகம் ஆட்டத்தை மறைச்ச சீட்டு 5 டாலர்!

எனக்கு உறுத்தறது வேற. அக்கம்பக்கத்துப் பசங்க விளையாடின பார்க்குலதான் இதைக் கட்டினாங்க. பழைய ஸ்டேடியம் இருந்த இடத்துல மாத்து மைதானம் வந்தது 2012-ல. ஊர் நிலத்தை எடுத்தா, ஊர்க்காரனுக்கும் நல்ல சீட்டு வேணாமா? நீங்களே சொல்லுங்க மக்கா :-(