அட்ரோபினின் அளவு
ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து, நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது. அசிட்டைல்கோலின் தேங்குவதால் எச்சிலும் வியர்வையும் பெருகி, நுரையீரல் நீரில் மூழ்குகிறது. உப்புக்கரைசல் புகட்டி வாந்தியெடுக்க வைக்கும் ஊர்வழக்கம் ஆபத்தானது. மயங்கியவரின் மூச்சுக்குழாய்க்குள் நஞ்சு இறங்கிவிடும். உயிர்காப்பது மலிவான அட்ரோபின் மருந்துதான். ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டித்து, நெஞ்சிரைச்சல் அடங்கி நாடியும் இரத்த அழுத்தமும் தேறும்வரை ஏற்ற வேண்டும். கண்பாவை விரிந்ததை மட்டும் பார்த்து நிறுத்துவது தவறு. மிகுந்துவிட்டால் பிதற்றலும் காய்ச்சலும் வரும்; படுக்கையருகே ஆள் இருந்தே ஆக வேண்டும். மற்றொரு மாற்றுமருந்தான பிராலிடாக்சிமின் பயனோ இன்னும் சர்ச்சைக்குரியது: 2009இல் வெளியான இலங்கை ஆய்வில் அது நொதியை மீட்டது, உயிரிழப்பைக் குறைக்கவில்லை. அதற்குச் செலவாகும் பணம் செயற்கைச் சுவாசக் கருவிக்குப் போவதே நியாயம். ஓரிரு நாள் கழித்துக் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரும்போது நோயாளியைத் தாங்குவது அந்தக் கருவிதான்.