மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே பரிசோதனையும் வேண்டும்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்ன அதே மேடையில் பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கேட்டது. பெண்ணுடல் மீதான கட்டுப்பாட்டில்தான் சாதி உயிர்வாழ்கிறது என்று புரிந்துகொண்ட இயக்கம் அது. அந்த மரபில் வந்த நாம், நம் மேடைகளில் அதிகம் பேசாத ஒன்றைப் பேச வேண்டும் என நினைக்கிறேன்: எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களைத் தாக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்.

இதற்குக் காரணமான எச்.பி.வி., பாலுறவு வழியே பரவும் மிகச் சாதாரணமான வைரஸ். பெரும்பாலானோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அதை விரட்டிவிடும். எச்.ஐ.வி. அரித்துத் தின்பது அந்த எதிர்ப்பாற்றலைத்தான். அதனால் எச்.பி.வி. தங்கிவிடுகிறது. 16, 18 போன்ற வகைகள் தங்கினால் கருப்பைவாய்ச் செல்கள் மெல்ல மாறிப் புற்றாகலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்த ஆபத்து ஆறு மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆபத்துக் காரணிகள் என்று மருத்துவம் ஒரு பட்டியல் தருகிறது: சிடி4 அணுக்கள் குறைவது, ஏ.ஆர்.டி. சிகிச்சை தாமதமாவது, இளவயதுப் பிள்ளைப்பேறு, அதிகப் பிரசவங்கள், புகையிலை, பல பாலுறவுத் துணைகள். நம் சமூகத்தின் காதில் கடைசிக் காரணி மட்டுமே விழுகிறது. உடனே 'ஒழுக்கம்' பேசத் தொடங்குகிறது. இங்கே எச்.ஐ.வி. தொற்றிய பெண்களில் பெரும்பாலோர் கணவரிடமிருந்தே அதைப் பெற்றவர்கள். பாலியல் தொழில் செய்யும் பெண்ணானாலும் சிகிச்சை அவரது உரிமை. சிகிச்சை தாமதமாவதற்கு வறுமையும் அவமான பயமும் காரணம். இளவயதுத் திருமணத்துக்குப் பின்னால், பெண் சாதி தாண்டிவிடக் கூடாது என்ற பதற்றம் இருக்கிறது. இவற்றில் எதை அந்தப் பெண்ணின் குற்றம் என்பீர்கள்?

2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. மருந்தைத் தொடங்கியபோது, முதலில் வழங்கிய மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. தாம்பரம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாத்திரை ஆயிரக்கணக்கானோரின் ஆயுளை நீட்டித்தது. எய்ட்ஸிலிருந்து மீட்ட பெண்ணை, தடுக்கக்கூடிய ஒரு புற்றுநோய்க்குப் பறிகொடுக்கலாமா?

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை தேவை என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் சுமார் 10 சதவீதம்தான். நாட்டின் சராசரி 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு சுமார் 30 கிலோமீட்டர். விடுதியில் அறை துடைப்பவருக்கும் கூடையில் மீன் விற்பவருக்கும் அந்தப் பயணம் ஒரு நாள் கூலி. மாத்திரைக்கு ஒரு நாள், பரிசோதனைக்கு இன்னொரு நாள் என்றால் பரிசோதனைதான் கைவிடப்படும். எனவே மாத்திரை வாங்கும் அதே நாளில், அதே இடத்தில் பரிசோதனையும் இலவசமாக நடக்க வேண்டும். எச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்ணே தனியறையில் எடுத்துக் கொடுக்க முடியும். தொடத் தயங்கும் கைகளுக்கும் முகச்சுளிப்புக்கும் அஞ்சி விலகி நிற்பவர்களுக்கு இது பெரிய விடுதலை.

14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படும் என்ற தமிழ்நாடு அரசின் 2025 நிதிநிலை அறிவிப்பை வரவேற்கிறேன். ஆனால் மகளுக்குப் போடும் ஊசி தாயைக் காப்பாற்றாது. எச்.ஐ.வி. உள்ள சிறுமிக்கு ஒரு தவணை போதாது. முடிந்தால் மூன்று தவணை வேண்டும் என்பதையும் திட்டம் கணக்கில் கொள்ள வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மருத்துவமனைகள் பாகுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதை நடைமுறையாக்குவதில் நமக்கும் பங்குண்டு. அம்பேத்கர், பெரியார் பிறந்தநாள்களில் இரத்ததான முகாம் நடத்தும் தோழர்கள், அரசு மருத்துவர்களோடு பேசிக் கருப்பைவாய்ப் பரிசோதனை முகாமையும் நடத்தலாம். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கெனத் தனி வரிசை வேண்டாம். எல்லாப் பெண்களுக்கும் ஒரே வரிசை இருக்கட்டும். யாருக்கு என்ன தொற்று என்பது வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.