51 பேசும், 49 வாயை மூடணுமா?

தலைப்பைப் பார்த்து ஏதோ தேர்தல் கூட்டணிக் கணக்குன்னு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது தொழிற்சங்கக் கணக்கு. கொஞ்சம் வறட்சியான சமாச்சாரம்தான். ஆனா பொதுத்துறையில வேலை பார்க்கிற அண்ணனோ அக்காவோ உங்க வீட்டில் இருந்தா முழுசா படிச்சுடுங்க.

நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் தகராறு. கோர்ட் வேண்டாம், நடுவர் ஒருத்தரை வச்சு முடிச்சுக்கலாம்னு நிர்வாகமும் பெரிய சங்கமும் கையெழுத்து போடுறாங்க. அதே ஆலையில் இன்னொரு சங்கம் இருக்கு. "எங்க ஆளுங்களும் இதில் மாட்டுறாங்க, நாங்களும் ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்று அவங்க வந்து நின்றால் நடுவர் கேட்கணுமா, கூடாதா? இதுதான் கேள்வி.

கேட்கணும் என்பது என் கட்சி. பழைய சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லிச்சு. 1947 தொழிற்தகராறுகள் சட்டத்தில் 1964-ல் 10ஏ(3ஏ) என்று ஒரு உட்பிரிவைச் சேர்த்தார்கள். கையெழுத்து போட்டவர்கள் இரு தரப்பிலும் பெரும்பான்மை என்று அரசுக்குத் திருப்தி ஏற்பட்டு அறிவிக்கை போட்டால், கையெழுத்து போடாத ஆனால் தகராறில் சம்பந்தப்பட்ட தொழிலாளிக்கும் நடுவர் முன்னால் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தரணும். ஏன்னா, அப்படி அறிவிக்கை வந்த வழக்கில் தீர்ப்பு எல்லாரையும் கட்டும். நாளைக்குப் புதுசா வேலைக்குச் சேருகிற பையனையும் கட்டும். 1989-ல் கர்னால் லெதர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நடுவர் ஒப்பந்தத்தை அரசிதழில் வெளியிடுவது கட்டாயம்னு சொன்னதும் இதே அடிப்படையில்தான். ஒப்பந்தத்தில் இல்லாத தொழிலாளிக்கும் விஷயம் தெரியணும்.

இப்ப 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிற தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பைப் பாருங்க. 42-வது பிரிவில் பழைய வாசகத்தை அப்படியே வச்சிருக்காங்க. அடடா, பரவாயில்லையேன்னு நினைக்கிறதுக்குள்ள கீழே ஒரு வரம்பு வாசகம். தனி ஆள் வேலைநீக்க வழக்கு தவிர மற்றதில், பேச்சுவார்த்தைச் சங்கம் இருக்கிற இடத்தில் தொழிலாளர் சார்பில் அந்தச் சங்கமே நடுவர் முன்னால் நிற்கும். வலது கையால் கொடுத்து இடது கையால் பிடுங்குறது வேற எப்படிங்க இருக்கும்?

அந்தப் பேச்சுவார்த்தைச் சங்கம் யாருன்னு 14-வது பிரிவு சொல்லுது. 51 சதவீதம் இருந்தா அது ஒண்ணு மட்டும்தான். யாருக்கும் 51 இல்லைன்னா, 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்து ஒரு கவுன்சில். இதில் இருக்கிற கூத்தைக் கவனிச்சீங்களா? ஒரு ஆலையில் 20 சதவீதச் சங்கத்துக்கு நாற்காலி உண்டு. பக்கத்து ஆலையில் 49 சதவீதம் வச்சிருக்கிற சங்கத்துக்கு வாசல்படி கூட இல்லை!

"தோழர், தொழிலாளி ஒரே குரலில் பேசினால்தானே பலம்?" என்று கேட்பீங்க. பேரம் பேசுற மேசையில் அது சரி. 1976 ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில் அங்கீகாரம் பெற்ற சங்கம் போட்ட ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிட்டதும் அந்த நியாயத்தில்தான். ஆனா நடுவர் முன்னால் நடக்கிறது பேரம் இல்லைங்க, விசாரணை. பேரத்துக்குப் பலம் வேணும், விசாரணைக்கு விவரம் வேணும். பதவி உயர்வுத் தகராறில் டெக்னீஷியனுக்குக் கிடைக்கிற ஒவ்வொரு இடமும் கிரேன் ஆபரேட்டர் இழக்கிற இடமா இருக்கலாம். பெரிய சங்கத்தில் டெக்னீஷியன்தான் அதிகம்னா, கிரேன் ஆபரேட்டர் கதையை நடுவருக்கு யார் சொல்லுவா?

ரயில்வேயைப் பாருங்க. 1969-ல் நீதிபதி மியாபாய் தலைமையில் ரயில்வே தொழிலாளர் தீர்ப்பாயம் அமைந்தது என்.எஃப்.ஐ.ஆர் எழுப்பிய கோரிக்கைகள் மேல். அறிக்கையும் வந்தது. வேலை நேரமும் அதில் ஒரு விஷயம். ஆனா இன்ஜின் ஓட்டுறவங்க பிரச்சினை அதோடு தீரலை. 1973-ல் அவங்க தனிச் சங்கம், அதாவது அங்கீகாரமே இல்லாத லோகோ ஊழியர் சங்கம், வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் 10 மணி நேர வேலைக்கு அரசு ஒத்துக்கிச்சு. அறைக்குள்ளே கேட்காத குரல் தண்டவாளத்தில் கேட்டது.

பம்பாய் ஜவுளி ஆலைகள் தனியார் கதைதான், ஆனா பாடம் ஒண்ணுதான். 1982 ஜனவரி 18-ல் சுமார் இரண்டரை லட்சம் பேர் தத்தா சாமந்த் பின்னால் வெளியே வந்தாங்க. சட்டத்தின் கண்ணுக்கு ஆர்.எம்.எம்.எஸ் ஒண்ணுதான் பிரதிநிதி. யார்கூடப் பேசினா பிரச்சினை தீருமோ அவரோட பேசச் சட்டத்தில் வழியில்லை. ஆலைகளும் போச்சு, வேலையும் போச்சு.

பொதுத்துறையில் இன்னொரு ஆபத்து. அங்கே மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் செலவழிப்பது தன் பணத்தை இல்லை, நம்ம பணத்தை. மேலே யார் ஆட்சியோ அவங்களுக்கு வேண்டிய சங்கத்தோடு கைகுலுக்குவது சுலபம். ஆட்சி மாறினா சங்கத்தில் கூட்டம் மாறுவதை நம்ம ஊர் போக்குவரத்துக் கழகங்களில் பார்க்காதவங்க யாரு? பி.எஸ்.என்.எல்-லில் 2002 உறுப்பினர் சரிபார்ப்பில் ஜெயித்தது என்.எஃப்.டி.இ. 2004-ல் பி.எஸ்.என்.எல்.இ.யூ. ரெண்டே வருஷம்! பெரும்பான்மை அவ்வளவு சீக்கிரம் மாறும். ஆனா ஒரு சீனியாரிட்டி தீர்ப்பு ஆளோட ரிட்டயர்மென்ட் வரைக்கும் கூடவே வரும்.

"இப்படித் திறந்து விட்டா லெட்டர்பேடு சங்கமெல்லாம் வந்து இழுத்தடிக்கும்" என்பது நியாயமான பயம். அதுக்குக் கதவைப் பூட்டணுமா, வரிசை போட்டா போதாதா? குறைந்தபட்சம் 10 சதவீத உறுப்பினர், அல்லது தீர்ப்பு நேரடியாப் பாதிக்கிற பிரிவின் சங்கம். எழுத்து மூலம் ஒரு மனு, ஒரு நாள் வாதம். வீட்டோ கிடையாது, ஒப்பந்தத்தைக் கலைக்கவும் முடியாது. பேசலாம், அவ்வளவுதான். "நிர்வாகத்தின் கைக்கூலிச் சங்கமும் வருமே?" வரட்டுமே. ரகசியமாக் காதில் ஓதுறதை எல்லார் முன்னாலயும் சொல்லட்டும், நடுவர் எடை போடட்டும். அதுவுமில்லாம, இன்னிக்கு நீங்க கைக்கூலின்னு சொல்ற சங்கம் நாளைக்கு 51 ஆயிட்டா, வாசலில் நிற்கப்போறது நீங்கதான் தோழர்.

என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. அந்த வரம்பு வாசகத்தை எடுங்க. தீர்ப்பு யாரைக் கட்டுதோ, அவங்க சொல்றதைக் கேட்டுட்டுத் தீர்ப்பு சொல்லுங்க.

மாற்றுக் கருத்து உள்ளவங்க தாராளமா வந்து திட்டலாம். இங்கே 49-க்கும் நாற்காலி உண்டு :-)